6 மிமீ துளை, 300 மிமீ ஆழம்: கன் டிரில்லிங் எப்படி நடக்கிறது?

ஈஎன் 24 உருக்கில் 300 மிமீ நீளத்துக்கு ஒரு தண்டு. அதன் நட்டநடுவே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எண்ணெய் ஓட 6 மிமீ துளை வேண்டும். வரைபடத்தில் இது இரண்டு புள்ளிக்கோடுகள்தான், போட்டு முடிக்கப் பத்து நொடி ஆகாது. அந்த வரைபடம் பட்டறைக்கு வந்ததும்தான் சிக்கல் தொடங்குகிறது. சாதாரண முறுக்கு டிரில்லை மாட்டினால் முதல் 30 மிமீ வெண்ணெய்போல இறங்கும். 60 மிமீக்கு மேல் அடிக்கடி வெளியே எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். 100 மிமீ தாண்டுவதற்குள் டிரில் உள்ளேயே முறிந்துவிட வாய்ப்பு அதிகம். முறியாமல் தப்பினாலும், மறுமுனையில் துளை நடுவில் வெளிவராது.

துளையின் ஆழத்தை விட்டத்தால் வகுத்துப் பாருங்கள். விடை 10க்கு மேல் வந்தால் அதை ஆழ்துளை என்று கொள்ளலாம். நம் கணக்கில் 300ஐ 6ஆல் வகுத்தால் 50. இதற்கென்றே உள்ள கருவிதான் கன் டிரில். துப்பாக்கிக் குழல்களைத் துளைக்கப் பிறந்ததால் அந்தப் பெயர். இன்று அது அதிகம் உழைப்பது பிளாஸ்டிக் மோல்டுகளின் தண்ணீர்ப் பாதைகளிலும், கிராங்க் ஷாஃப்டின் எண்ணெய்த் துளைகளிலும், டீசல் இன்ஜெக்டர்களிலும், ஹைட்ராலிக் பாகங்களிலும்தான்.

தகராறு எங்கே இருக்கிறது

உருக்கை வெட்டுவது இங்கே பெரிய பிரச்சினையே இல்லை. வெட்டியதை வெளியே கொண்டுவருவதுதான் பிரச்சினை. இந்தத் துளைக்குள் இருந்து வரவேண்டிய உருக்கு சுமார் 8.5 கன செமீ, எடையில் 66 கிராம். கட்டியாக இருந்தால் உள்ளங்கையில் அடங்கிவிடும். சீவலாக மாறியதும் (பட்டறையில் சிப்ஸ் என்பார்கள்) சுருண்டு, இடையில் காற்றைச் சேர்த்துக்கொண்டு, பல மடங்கு இடம் கேட்கும். அவ்வளவும் 6 மிமீ குழிக்குள், டிரில்லின் பள்ளத்தில் மிஞ்சும் சந்து வழியாகத்தான் வெளியேற வேண்டும். வழியில் ஒரு சீவல் குறுக்கே நின்றால் அடுத்தது அதன் மேல் ஏறும். சில நொடிகளில் பள்ளம் அடைத்து, திருகுவிசை ஏறி, டிரில் ஒடியும்.

இரண்டாவது தகராறு வளைவு. ஒரு கம்பியின் நீளம் இரண்டு மடங்கானால், அதே பக்கவிசைக்கு அது எட்டு மடங்கு வளையும். முறுக்கு டிரில்லின் நுனி நடுவில் உள்ள சிறு விளிம்பு வெட்டுவதில்லை, உலோகத்தை நசுக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளலில் நுனி கொஞ்சம் சறுக்கினால் போதும், நீளமான டிரில் அந்தப் பக்கமே போய்விடும். திரும்பி வராது.

'பெக்கிங் போட்டால் போதாதா' என்று கேட்பவர்கள் உண்டு. சிஎன்சி மெஷினின் ஜி 83 என்ற கட்டளைச் சுழற்சியில் கொஞ்சம் வெட்டி, வெளியே வந்து, மறுபடி உள்ளே போவது. 10 மடங்கு ஆழம் வரை அது பிழைப்புக்கு உதவும். 50 மடங்கில், ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் சில சீவல்கள் பள்ளத்திலிருந்து நழுவித் துளையின் அடியில் விழும். திரும்பி இறங்கும் முனை அவற்றை மோதும், அல்லது மறுபடி அரைக்கும். வெட்டும் நேரத்தைவிடப் போய்வரும் நேரமும் அதிகமாகிவிடும்.

இதற்கு மேல் உலோகத்தின் குணம். ஈஎன் 24 என்பது சுமார் 0.4 சதவீதக் கரியுடன் 1.5 சதவீத நிக்கல், ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலான குரோமியம், கொஞ்சம் மாலிப்டினம் சேர்ந்த உருக்கு. அமெரிக்க 4340க்கு நெருங்கிய உறவு. நிக்கல் இதற்குத் தரும் இழுவைதான் தண்டைச் சட்டென்று உடையாமல் காக்கிறது. அதே இழுவை சீவலையும் சட்டென்று உடைய விடாது. நீளநீளமாக, கம்பிபோல வர அடம்பிடிக்கும். அனீல் செய்து மென்மையாக்கிய நிலையில் இந்தப் பிடிவாதம் இன்னும் கூடும். மென்மையான உருக்குதான் துளைக்க எளிது என்று புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். ஆழ்துளையில் அது உண்மையில்லை. கடினமாக்கிப் பதப்படுத்திய, 28 முதல் 32 எச்ஆர்சி (ராக்வெல் கடின அளவு) வரையுள்ள உருக்கில் சீவல் ஒழுங்காக உடையும், துளையின் சுவரும் வழவழப்பாக வரும்.

ஆகவே வேலையின் வரிசை முக்கியம். முதலில் துளைத்துவிட்டுப் பிறகு கடினப்படுத்தினால், எண்ணெயில் முக்கும்போது தண்டு வளையும், துளையும் கூடவே வளையும். பதப்படுத்திய நிலையில் விற்கும் ஈஎன் 24 டி கம்பியை வாங்கி, வெளிவிட்டத்தில் 2 முதல் 3 மிமீ அதிகம் விட்டு, துளையை முதலில் போடுங்கள். பிறகு துளையின் இரு வாய்களையும் சென்டராகப் பிடித்து வெளிப்புறத்தைக் கடையுங்கள். துளை கொஞ்சம் விலகியிருந்தாலும் வெளிப்புறம் அதைச் சுற்றியே அமைந்துவிடும். தண்டைக் கடைந்து முடித்துவிட்டுத் துளையைக் கடைசியில் போடுவது பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் தப்பு. அதில் துளை விலகிவிட்டால் செய்த வேலை அத்தனையும் குப்பை.

ஒரே விளிம்புள்ள விசித்திரமான கருவி

கன் டிரில்லை முதலில் பார்ப்பவருக்குப் பாதி செய்து விட்டதுபோலத் தெரியும். முறுக்கு இல்லை, நேர்ப்பள்ளம். இரண்டு வெட்டு விளிம்புகள் இல்லை, ஒன்றுதான். மூன்று பாகங்கள்: மெஷினில் பிடிக்கும் டிரைவர், நடுவே நீளமான ஷாங்க், நுனியில் கார்பைடு தலை. ஷாங்க் என்பது ஒரு பக்கம் வி வடிவில் உள்ளே அமுக்கிய எஃகுக் குழாய். குழாயின் உள்வழி எண்ணெய் நுனிக்குப் போகும், வெளியே உள்ள வி பள்ளம் வழியாக அதே எண்ணெய் சீவலை அடித்துக்கொண்டு திரும்பும். போக ஒரு வழி, வர ஒரு வழி. இந்தக் கருவியின் சூட்சுமத்தில் பாதி இதுதான். ஷாங்க் தலையைவிடச் சற்று மெலிந்திருக்கும், அதனால் சுவரில் உரசாது.

மீதிப் பாதி தலையின் வடிவம். பொதுவான சாணையில் வெட்டு விளிம்பு இரண்டாக மடிந்திருக்கும். வெளிப்பகுதிக்கு 30 டிகிரி, உள்பகுதிக்கு 20 டிகிரி. இரண்டும் சேரும் கூர்முனை நடுவில் இருக்காது, வெளிவிளிம்பிலிருந்து விட்டத்தின் கால்பங்கு உள்ளே இருக்கும். 6 மிமீ டிரில்லில் அது 1.5 மிமீ. ஒரே பக்கம் வெட்டுவதால் விசை சமமாக இருக்காது. அந்தச் சமமின்மை வேண்டுமென்றே வைத்தது. வெட்டும் விசை தலையை எதிர்ப்பக்கச் சுவரில் அழுத்துகிறது. அங்கே கார்பைடில் வழவழப்பான தாங்குபட்டைகள் உண்டு. அவை இப்போதுதான் வெட்டிய சுவரில் சாய்ந்தபடி, அதை மெருகேற்றியபடி நகரும். இருட்டு நடையில் சுவரில் கையூன்றிப் போவது மாதிரி. ஒரே வித்தியாசம், அந்தச் சுவரையும் அதுவேதான் கட்டிக்கொண்டு போகிறது.

இந்த மெருகினால் கன் டிரில் துளையை ரீமர் (துளையைச் சீராக்கும் கருவி) போடாமலே பல இடங்களில் பயன்படுத்தலாம். விட்டம் ஐடி 8, ஐடி 9 என்ற துல்லிய வகுப்புகளுக்குள் நிற்கும். சுவரின் சராசரிச் சொரசொரப்பு (ஆர்ஏ) 0.4 முதல் 1.6 மைக்ரான் வரை வரும்.

முதல் 12 மில்லிமீட்டர்

டிரில் தான் வெட்டிய சுவரில் சாய்ந்து போகிறது என்றால், வெட்டத் தொடங்கும் கணத்தில் சாய எந்தச் சுவரும் இல்லை. அதைக் கொடுப்பதுதான் பைலட் துளை. சிஎன்சி மெஷினில் வேலை செய்பவர் குட்டையான கார்பைடு டிரில்லால் இதை முதலில் போட வேண்டும். நம் தண்டுக்கு விட்டம் 6.01 முதல் 6.02 மிமீ, ஆழம் 12 மிமீ, அதாவது விட்டத்தின் இரண்டு மடங்கு. நீளம் குறைந்த டிரில்களுக்கு ஒன்றரை மடங்கும் போதும். 50 மடங்கு நீளத்துக்கு இரண்டுக்குக் குறையாமல் இருப்பது நல்லது.

இந்த 12 மிமீ எப்படியோ மீதி 288 மிமீயும் அப்படியே. பைலட் 6.05 மிமீ ஆகிவிட்டால் தலை அதற்குள் ஆடும். துளையின் வாய் மணிபோல விரியும், கூடவே டிரில் ஒரு பக்கம் சாய்ந்து தன் பயணத்தைத் தொடங்கிவிடும். பைலட் 6.00க்குக் கீழே இறுக்கமாக இருந்தால் உள்ளே நுழையும்போதே விளிம்பு பொடிந்துவிடும். தண்டின் முகம் சமமாகக் கடைந்திருக்க வேண்டும். சாய்ந்த முகத்தில் பைலட் போடுவதானால் முதலில் எண்ட் மில்லால் (தட்டையாகச் சீவும் கட்டர்) ஒரு தட்டையான இடம் அமையுங்கள்.

கன் டிரில்லிங்குக்கென்றே உள்ள மெஷினில் பைலட் தேவையில்லை. கடினப்படுத்திய உருக்கு அல்லது கார்பைடில் செய்த வழிகாட்டி வளையம் (புஷ்) ஒன்று தண்டின் முகத்தில் அழுத்தமாக உட்காரும், டிரில் அதன் வழியாக நுழையும். புஷ்ஷுக்கும் முகத்துக்கும் நடுவே இடைவெளி இருந்தால் எண்ணெய் பீச்சும், சீவல் அங்கே சிக்கும். தேய்ந்த புஷ்ஷை 'இன்னும் பத்து ஜாப் ஓடட்டும்' என்று விட்டுவைப்பதுதான் விலகலுக்கு மிகச் சாதாரணமான காரணம்.

எதைச் சுற்றுவது என்பதும் நேர்கோட்டை மாற்றும். டிரில் மட்டும் சுற்றித் தண்டு நின்றால் விலகல் அதிகம். மீட்டருக்கு ஒரு மிமீ வரை எதிர்பார்த்துத்தான் திட்டமிட வேண்டும். தண்டு சுற்றி டிரில் நின்றால் அதைவிட மேல். இரண்டும் எதிரெதிராகச் சுற்றினால்தான் மிக நேராக வரும்.

எண்ணெய்தான் இங்கே பாதி மெஷின்

லேத்தோடு வரும் கூலன்ட் பம்பு இதற்கு ஆகாது. அதன் அழுத்தம் சில பார் மட்டுமே. 6 மிமீ கன் டிரில்லுக்கு 60 முதல் 80 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்குச் சுமார் 9 லிட்டர் வேண்டும். விட்டம் குறையக் குறைய அழுத்தம் ஏற வேண்டும், ஏனெனில் வழி சின்னது. 3 மிமீக்கு 100 பாரைத் தாண்டும். 20 மிமீக்கு 30 பார் போதும், ஆனால் அளவு நிமிடத்துக்கு 40 லிட்டருக்கு மேல் போகும்.

கலப்பில்லாத கட்டிங் ஆயிலே சிறந்தது. கந்தகம் சேர்ந்த, அதிக அழுத்தத்தைத் தாங்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். தாங்குபட்டைகள் சுவரில் உரசுவதால் மசகுத்தன்மை இல்லாவிட்டால் அவை சுவரில் ஒட்டிப் பிய்க்கும். தண்ணீர் கலந்த கூலன்டால் ஓட்டத்தான் வேண்டுமென்றால் செறிவு 10, 12 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. வழக்கமான 5 சதவீதப் பால் தண்ணீர் கருவியைச் சீக்கிரம் தின்றுவிடும். வடிகட்டி 10 முதல் 20 மைக்ரான். நுண்துகள் டிரில்லின் எண்ணெய்த் துவாரத்தை அடைத்தால் அடுத்த சில நொடியில் டிரில் போய்விடும். எண்ணெயின் சூடு 40 டிகிரியைத் தாண்டாமல் பாருங்கள், தொட்டி பெரிதாக இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஒரு எச்சரிக்கை. 70 பாரில் ஊசித்துளை வழியாகப் பீச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள். மெஷினுக்கு மூடியும், எண்ணெய்ப் புகையை உறிஞ்சும் ஏற்பாடும் இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

எண்களைப் போடுவோம்

30 எச்ஆர்சி ஈஎன் 24க்கு வெட்டுவேகம் நிமிடத்துக்கு 65 மீட்டரில் தொடங்கலாம். ஆர்பிஎம் கணக்கு எளிது: 65 × 1000ஐ, 3.14 × 6ஆல் வகுங்கள். ஏறத்தாழ 3,450. ஃபீட் (டிரில் முன்னேறும் அளவு) ஒரு சுற்றுக்கு 0.02 மிமீ, அதாவது ஒரு முடியின் தடிமனைவிடக் குறைவு. பெருக்கினால் நிமிடத்துக்கு 69 மிமீ. பைலட் போக மீதியுள்ள 288 மிமீக்கு நாலேகால் நிமிடத்துக்குள் முடியும். அந்த நேரத்தில் ஓடும் எண்ணெய் 37 லிட்டர். 66 கிராமுக்கும் குறைவான உருக்கை வெளியேற்ற இவ்வளவு!

பயந்துகொண்டு ஃபீடை 0.008க்குக் குறைப்பது புதியவர்களின் இயல்பு. விளைவு தலைகீழாக இருக்கும். சீவல் மெலிந்து, உடையாமல் நூல்போல நீண்டு பள்ளத்தை அடைக்கும். விளிம்பு வெட்டாமல் தேய்த்துக்கொண்டே போய்ச் சூடாகும். வேகத்தைக் குறைப்பதானால் ஆர்பிஎம்மைக் குறையுங்கள், சுற்றுக்கான ஃபீடில் கை வைக்காதீர்கள்.

ஓட்டும் முறை

முதல் விதி: நீளமான கன் டிரில்லை வெட்டவெளியில் முழு வேகத்தில் சுற்றவே கூடாது. தாங்கல் இல்லாத 340 மிமீ நீளக் கருவி 3,450 ஆர்பிஎம்மில் சாட்டைபோல வீசி, வளைந்து, பிய்த்துக்கொண்டு பறக்கும். இதில் ஆளுக்கே ஆபத்து உண்டு.

ஆகவே கருவியைச் சுற்றும் ஸ்பிண்டிலை நிறுத்தியோ 50 ஆர்பிஎம்மில் மெல்லச் சுற்றியோ பைலட்டுக்குள் நுழையுங்கள். அடியிலிருந்து 1 மிமீ முன்னால் நிற்கவும். எண்ணெயைத் திறந்து அழுத்தம் நிலைக்கும் வரை ஓரிரு நொடி பொறுங்கள். பிறகு 3,450க்கு ஏற்றி ஃபீடைத் தொடங்குங்கள். அதன்பிறகு நிறுத்தம் இல்லை, பெக்கிங் இல்லை, ஒரே மூச்சு. நடுவில் நிறுத்தினால் தாங்குபட்டையின் தடம் சுவரில் வளையமாகப் பதியும்.

மறுமுனையில் வெளிவரும் நேரத்தில் ஃபீடைப் பாதியாக்குங்கள். கடைசியில் சின்னத் தொப்பி போன்ற ஒரு துண்டு விழும், எண்ணெய் அந்தப் பக்கமாகப் பீச்சும். அதற்கொரு தடுப்பு முன்கூட்டியே இருக்கட்டும். விளிம்பு முழுதும் வெளிவர எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டுமே போங்கள். தலை முழுவதும் வெளியே போனால் தாங்கல் இழந்து ஆடத் தொடங்கும். பிறகு ஸ்பிண்டிலை நிறுத்தி, எண்ணெயை மூடி, வேகமாக வெளியே இழுக்கலாம்.

தாங்கல் இல்லாத ஷாங்க் நீளம் விட்டத்தின் 40 மடங்கைத் தாண்டினால் நடுவே ஒரு தாங்கி வேண்டும். கன் டிரில் மெஷினில் அது இருக்கும். விஎம்சியில் (செங்குத்து சிஎன்சி மில்லிங் மெஷின்) இல்லை. அங்கே செய்யக்கூடியது, 150 மிமீ வரை குட்டை கன் டிரில்லால் போட்டுவிட்டு, அதைவிட 0.01 மிமீ சிறிய நீளக் கருவியை அதே துளைக்குள் மெல்ல இறக்கி மிச்சத்தை முடிப்பது. கருவி இரண்டு வாங்க வேண்டும்தான். ஒன்று முறிந்து ஜாப்பும் போவதைவிட மலிவு.

கேட்கவும் பார்க்கவும் வேண்டியவை

துளைக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மூன்று சாட்சிகள் உண்டு. சீவல் முதல் சாட்சி. நகத்துண்டு அளவில், காற்புள்ளிபோலக் குட்டையாக வந்தால் எல்லாம் நலம். நீளக் கம்பியாக வந்தால் ஃபீட் குறைவு, அல்லது விளிம்பு மழுங்கிவிட்டது. நீலமாகக் கருகி வந்தால் வேகம் அதிகம், அல்லது எண்ணெய் போதவில்லை.

இரண்டாவது அழுத்தமானி. ஒரே அளவு எண்ணெய் தள்ளும் பம்பில் முள் மெல்ல ஏறினால் பள்ளத்தில் சீவல் சேர்கிறது என்று பொருள். உடனே ஃபீடை நிறுத்துங்கள். முள் சட்டென்று விழுந்தால் எங்கோ கசிகிறது, குறுக்குத் துளைக்குள் புகுந்துவிட்டது, இல்லையேல் தலை கழன்றுவிட்டது. மூன்றாவது ஸ்பிண்டில் சுமை. ஒவ்வொரு ஜாப்பிலும் அது கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவது மழுங்கலின் கணக்கு.

சாணைக்கு அனுப்பும் நேரத்தை ஜாப் எண்ணிக்கையில் பார்க்காமல், துளைத்த மீட்டரில் குறித்துவையுங்கள். வெளிமூலைதான் முதலில் தேயும், ஏனெனில் அங்கேதான் வேகம் அதிகம். தேய்மானம் 0.2 மிமீ ஆனதும் வைரச் சக்கரத்தில், அதற்கான பிடிப்பில் வைத்துத் தீட்ட வேண்டும். கையால் தீட்டினால் கூர்முனை இடம் மாறும், விசையின் கணக்கே குலைந்துவிடும். 0.4 வரை இழுத்தடித்தால் தாங்குபட்டைகளும் போய், ஒரு மிமீ சாணையில் தீர்ந்திருக்க வேண்டியது மூன்று மிமீ கேட்கும்.

துளைச் சுவரில் திருகுபோலத் தடம் தெரிந்தால் ஷாங்க் அதிர்கிறது: தாங்கி தூரத்தில் உள்ளது, அல்லது தாங்குபட்டை தேய்ந்திருக்கிறது. வழியில் குறுக்குத் துளை இருந்தால் அந்த இடத்தில் ஃபீடைப் பாதியாக்குங்கள். முடிந்தால் குறுக்குத் துளையை நீளத் துளைக்குப் பிறகு போடுங்கள்.

கன் டிரில் வேண்டாத இடங்கள்

20 முதல் 30 மடங்கு ஆழத்துக்கு, உள்வழி கூலன்ட் உள்ள முழு கார்பைடு முறுக்கு டிரில் பல மடங்கு வேகமாக முடிக்கும். எண்ணிக்கை அதிகமான வேலைக்கு அதுவே லாபம். விலை கூடுதல், முறிந்தால் உள்ளிருந்து எடுப்பது நரகம். விட்டம் 20 மிமீயைத் தாண்டினால் பிடிஏ முறை. அதில் எண்ணெய் வெளிப்புறமாகப் போய், சீவல் குழாயின் உள்ளே திரும்பும். கடினம் 45 எச்ஆர்சிக்கு மேல் போன, 1, 2 மிமீ துளைகளுக்கு ஈடிஎம் டிரில். மெல்லிய பித்தளைக் குழாயில் மின்பொறி விட்டு அரிப்பது. அதற்குக் கடினம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் சுவரில் உருகி உறைந்த மெல்லிய படலம் விடும், சுமை தாங்கும் தண்டுக்கு அது ஆகாது.

துளை முடிந்ததும் விலகலை அளக்க, தண்டை வி பிளாக்கில் வைத்து வெளிவாயில் சுவரின் தடிமனை நான்கு பக்கமும் பாருங்கள். எதிரெதிர்ப் பக்க வித்தியாசத்தில் பாதிதான் விலகல்: ஒரு பக்கம் 17.2, எதிர்ப்பக்கம் 16.8 என்றால் துளை 0.2 மிமீ நகர்ந்திருக்கிறது. நடுப்பகுதியை அறிய அல்ட்ராசோனிக் தடிமன்மானி வேண்டும். வெளிவாய் சரியாக இருந்தும் நடுவில் துளை வில்லாக வளைந்திருப்பது உண்டு, குறிப்பாக இருபக்கமிருந்தும் துளைத்து நடுவில் சேர்த்த வேலைகளில்.